ஓட்டையில் மணி பார்த்தவர்

எங்கள் ஸ்டேஷனில் முதன்முறையாக இறங்குகிறவர்கள் வெளியே வந்ததும் ஊரைத் தேடுவார்கள். இத்தனை பெரிய கட்டடத்துக்கு எதிரே ஒரு மாநகரமாவது இருக்க வேண்டாமா? நாலு தெரு, ஒரு சந்தை, தெருக்கோடியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் ஊர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. தினம் காலையில் ஒரு வண்டியில் வந்து இறங்கி, வேலைக்குப் போக இன்னொரு வண்டிக்குக் காத்துக் கிடக்கிறவன். காத்துக் கிடந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் என் வீட்டுக் கூடத்தைவிட அந்த ஸ்டேஷன் கூடத்தில்தான் அதிகம் உட்கார்ந்திருப்பேன். அந்த உரிமையில் எங்கள் ஸ்டேஷன் என்கிறேன். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

கட்டடம் ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ரயில் கம்பெனிக்காரன் ஒரே சமயத்தில் இரண்டு ஸ்டேஷன் கட்டினானாம். ஒன்று பனி கொட்டுகிற ஏதோ ஒரு தலைநகரத்துக்கு, ஒன்று இந்த ஊருக்கு. வரைபடங்களை உறையில் போடுகிறபோது எவனோ மாற்றிப் போட்டுவிட்டான். அந்தத் தலைநகரத்தில் இன்றைக்கும் ஜனங்கள் ஒரு ஓட்டுக் கொட்டகையில் நின்று பனியில் நனைகிறார்கள். நாம் இங்கே குவிமாடத்துக்குக் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருக்கிறோம். கதையை நான் நம்பவில்லை. ஆனால் பனி வழுக்கி விழுவதற்கென்று கூரையைச் செங்குத்தாகச் சாய்த்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் நம்பத் தோன்றும். முதல் வகுப்பு காத்திருப்பு அறையில் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. விசிறி இல்லாமல் மூச்சு விட முடியாத ஊரில் கணப்பு! கட்டிய நாளிலிருந்து அதில் ஒரு குச்சிகூட எரிந்ததில்லை. பூனைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அதில்தான் குட்டி போட்டு வருகின்றன.

கூடத்தின் நடுவே கறுப்பும் வெள்ளையுமாக வழுவழுப்பான கல் பாதை. அந்தக் காலத்தில் முதல் வகுப்புக்காரர்கள் மட்டும் அதில் நடப்பார்களாம். இரண்டு பக்கமும் மற்றவர்களுக்குச் சொரசொரப்பான பலகைக் கல். இரும்புத் தூண்கள் எல்லாமே உள்ளே கூடு. கூரைத் தண்ணீர் அதற்குள்ளேயே இறங்கிப் பூமிக்குப் போய்விடும். மழை நாளில் தூணில் காதை வைத்தால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும். சுவரோரக் கல்தூண்களின் தலைகளில் கல்தச்சன் முகங்கள் செதுக்கியிருக்கிறான். ஒரு முகத்துக்கு மட்டும் மூக்கு நீளம். அது திட்டிக்கொண்டே இருந்த இஞ்சினியருடைய மூக்கு என்பார்கள். பிளாட்பாரத்துக்குப் போகும் பெரிய வளைவுக்கு மேலே, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம்.

அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே, முன்பு விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிற அறையாக இருந்த இடத்தில்தான் டீக்கடை. முன்னால் கடை, பின்னால் ஓர் அறையில் குடித்தனம். டீ போடுகிறவர் மாஸ்டர். கல்லாவில் இருந்து எல்லாரையும் அதட்டுகிறவள் அவர் மனைவி. இடுப்பில் கடைச் சாவி, அறைச் சாவி, சர்க்கரைப் பெட்டிச் சாவி என்று ஒரு கொத்துத் தொங்கும். அவள் வருவது அவளுக்கு முன்னால் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய மாமனார் அதை வைத்து “சாவிம்மா” என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பொட்டலம் கட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் சாவிதான்.

அந்த மாமனாரைப் பற்றித்தான் இந்தக் கதை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஸ்டேஷனுடைய பெயிண்ட் கேங்கில் இருந்தவர். கூரைச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வர்ணம் அடித்தவர். “இந்தத் தூணுக்கெல்லாம் என் கையால எத்தனை சட்டை போட்டு விட்டிருக்கேன் தெரியுமா? என் புள்ளைக்குக்கூட அவ்வளவு போட்டதில்ல” என்பார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அவரே ஒரு உத்தியோகம் போட்டுக்கொண்டார். கூடத்துக்குள் நுழையும்போது நடுவில் நின்று ஒரு செருமல். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிற மாதிரி இருக்கும். பிறகு கடை வாசல் ஸ்டூலில் வந்து உட்காருவார். புதுமுகம் யாராவது அண்ணாந்து பார்த்தபடி நின்றால் போதும், தலைநகரத்தில் பனியில் நனைகிற ஜனங்களில் ஆரம்பித்து இஞ்சினியர் மூக்கு வரைக்கும் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். யாராவது மணி கேட்டால் கழுத்தைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு கணம் நிறுத்தி, ஏதோ தானம் கொடுப்பது போலச் சொல்லுவார். கையில் கடிகாரம் கட்டியவர்கள்கூட அவர் சொல்லும் அழகுக்காகக் கேட்பார்கள். அதனால் அவருக்குப் பேரே மணிக்காரர்.

இப்படி இருக்கையில் கட்டடத்தைப் பழைய அழகுக்கே புதுப்பிப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. சாரம் வந்தது, பலகை வந்தது, கூடவே தூசி வந்தது. கூடத்தை மூடிவிட்டு வேலை செய்யப் போவதால் கடைகளெல்லாம் கூட்ஸ் யார்டுப் பக்கம் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்றார்கள். அன்றைக்குக் கடையில் நடந்த வாக்குவாதத்தை டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா வீட்ல போய்க் கொஞ்ச நாள் நிம்மதியா இருங்கப்பா” என்றார் மாஸ்டர். “இங்க ஒரே தூசி. வேலை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வரேன்.”

“நிம்மதியா இருக்கறதுக்கு நான் என்ன போட்டோவா? சுவத்துல மாட்டி வைக்கப் பாக்கறியா?”

“போட்டோவுக்கு வாய் இருக்காது மாமா” என்றாள் சாவி, சில்லறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ சும்மா இரும்மா. தூசியாம் தூசி. சும்மா உக்காந்திருக்கறவனுக்குத்தான் அது தூசி. கேங்க்ல வேலை செஞ்சவனுக்கு அது பவுடரு.”

“அந்தத் தகரக் கொட்டகைல உங்களுக்கு என்னப்பா வேலை? இருக்கற எடத்துல பாய்லர் வெச்சா ஸ்டூல் போடக்கூட எடம் இல்ல.”

“அப்ப என்னை பாய்லர் மேல உக்கார வை.”

கடைசியில் மாஸ்டர் ஜெயித்தார். ஒரு வாரம் போய் இருந்து பார்க்கட்டும் என்று அப்பாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தார். போன மறுநாளே பெரியவருக்குக் காய்ச்சல். அக்கா வீட்டுக்குப் போனால் அவருக்கு எப்போதுமே காய்ச்சல்தான். “என் வீட்டுத் தண்ணி அவருக்கு ஒத்துக்கல” என்று அந்த மகள் வருத்தப்படுவாளாம். வாரம் முடிவதற்குள் மாஸ்டரே போய்த் திரும்ப அழைத்து வந்தார். ரயிலை விட்டு இறங்கி நம்முடைய பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

அவர் ஊரில் இல்லாதபோது ஒரு காரியம் நடந்திருந்தது. கடிகாரத்தைப் பழுது பார்க்கவென்று முள், முகம் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வளைவுக்கு மேலே இப்போது பெரிய வட்டமாக ஓர் ஓட்டை. அதில் புறாக்கள். திரும்பி வந்தவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதை யாராவது வாயால் சொல்லுவார்களா?

அடுத்த நாள் காலை, கைக்குழந்தையோடு ஒரு பெண் அவசரமாக வந்து, “பெரியவரே, மணி என்ன ஆச்சு?” என்றாள்.

மணிக்காரர் கழுத்தைத் தூக்கினார். ஓட்டையைப் பார்த்தார். ஒரு கணம் நிறுத்தினார். “ஒம்பதே கால் ஆகப் போகுதும்மா. பதறாத, உன் வண்டி இன்னும் உள்ளயே வரல” என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒரு போர்ட்டர் தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “ஓட்டைல மணி பாத்த மொத ஆளு நம்ம பெரியவர்தான்!” என்றார். சாரத்தின் மேல் நின்றிருந்த கொத்தனார்கூட விசில் அடித்தார். சிரித்தவர்களில் நானும் உண்டு. என் கைக் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதே காலுக்குக் கொஞ்சம் குறைவு. மனுஷனுக்கு என்ன குறும்பு என்றுதான் நினைத்தேன். மணிக்காரரும் சிரித்தார். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் ஆரம்பித்துச் சிரித்தார்.

சாவி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். கூட்டம் கலைந்ததும் அவள் இடுப்புச் சாவிக்கொத்தைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வந்து, டீ கிளாஸை மாமனார் முகத்துக்கு நேரே நீட்டினாளாம். அவர் பிளாட்பாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். முகத்துக்கும் கிளாஸுக்கும் ஒரு முழம்தான் இருக்கும். வாங்க அவர் கை நீளவில்லை. சாவிக்கொத்தை விட்டாள். அது கிலுங்கியதும், “கொண்டாம்மா” என்று அவர் கை நேராகக் கிளாஸுக்கு வந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“அப்பத்தான் சார் எனக்குப் புரிஞ்சுது” என்றாள். “இத்தனை வருஷமா தினமும் அப்படித்தான் குடுத்திருக்கேன். தினமும் அப்படித்தான் வாங்கியிருக்காரு.”

மத்தியான வண்டி போன பிறகு கூடம் கொஞ்சம் ஓயும். மாஸ்டர் பின்னறையில் கண்ணயர்ந்திருந்தார். சாவி இரண்டு கிளாஸ் டீயும் ஒரு பன்னும் எடுத்துக்கொண்டு மாமனாரைக் காத்திருப்பு அறைக்குக் கூட்டிப் போனாள். கணப்பில் அந்த வருஷத்துப் பூனைக்குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவருக்குப் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துத் தின்னப் பிடிக்கும். பாதிப் பன் உள்ளே போகும் வரை பொறுத்திருந்தாள்.

“மாமா, கடிகாரத்தக் கழட்டிட்டாங்க.”

அவர் வாய் அசைவது நின்றது.

“நீங்க அக்கா வீட்ல இருந்தப்போ. முள்ளு, டயல் எல்லாத்தையும் கொண்டு போயிட்டாங்க. இப்ப அங்க வெறும் ஓட்டைதான். புறா உக்காந்திருக்கு.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, “அதான் சிரிச்சாங்களா?” என்றார்.

“ஆமா.”

“என்னைப் பாத்துச் சிரிச்சாங்களா, நான் சொன்னதுக்குச் சிரிச்சாங்களா?”

“ஜோக்குன்னு நினைச்சுட்டாங்க மாமா. நல்ல ஜோக்குன்னு.”

“அப்ப சரி” என்றார். மிச்சப் பன்னை எடுத்து, நனைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டார். “நானும்தான சிரிச்சேன்.”

“லேட்டா சிரிச்சீங்க.”

“உன் ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்டேன், போ.”

“எவ்வளவு தெரியுது?”

“வெளிச்சம் தெரியும். ஆளு குறுக்க வந்தா நெழலாட்டம். ரெண்டு கண்ணுமே அப்படித்தான். மெதுவா மெதுவாத்தான் வந்துச்சு. இந்த ஊருக்குப் பனி கொட்டும்னு கூரை போட்டான் பாரு ஒரு இஞ்சினியர், அந்தப் பனி கடைசில என் கண்ணுல கொட்டிச்சு.”

சாவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனுஷன் தினம் மூன்று வேளை மறைத்துப் பரிமாறியிருக்கிறார்.

“அப்ப மணி எப்படி மாமா சொல்றீங்க?”

“அது ஒரு பெரிய விஷயமா? காலைல மேக்கால இருந்து வர்ற பாசஞ்சர் பிரேக் போடற சத்தம் இருக்கே, அது நம்ம மொத மணி. அப்புறம் கூரைக் கண்ணாடி வழியா வெயில் எறங்கி மொதல்ல என் காலைத் தொடும், அப்புறம் முட்டி, அப்புறம் கழுத்து. கூட்டறவங்க எந்தப் பக்கம் கூட்டறாங்க, ஸ்டேஷன் மாஸ்டர் எப்ப இருமிக்கிட்டே சாப்பிடப் போறாரு, எல்லாம் மணிதான். கழுத்தைத் தூக்கறது சும்மா, ஜனங்களுக்காக.”

“நடக்கறது?”

“வழுவழுன்னு இருந்தா நடுப்பாதை. சொரசொரன்னு இருந்தா ஓரம். தூணுல போல்ட்டு எத்தனைன்னு கைக்குத் தெரியும், நான்தான வர்ணம் அடிச்சேன்? நடுக்கூடத்துல நின்னு ஒரு தடவை செருமினா, மேல போய்ட்டுத் திரும்பி வரும். எங்க நிக்கறேன்னு அதுவே சொல்லிரும்.”

“நாங்க அதை ராஜா வர்றாருன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தோம்.”

“நல்ல கிண்டல்தான். எனக்கே பிடிச்சிருந்துச்சு.”

“அக்கா வீட்டுக் காய்ச்சல்?”

“அது வீடாம்மா? கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி. இங்க ஒரு படி, அங்க ஒரு மேடு. காய்ச்சல்னு படுத்துட்டா எழுந்து நடக்கச் சொல்ல மாட்டாங்க பாரு. பாவம், அவ கஷாயமா வெச்சுக் குடுத்து நாக்கே செத்துப் போச்சு.”

“தகரக் கொட்டகைக்கு வந்து என்ன பண்ணப் போறீங்க? அங்க தரை மண்ணு. செருமினா ஒண்ணும் திரும்பி வராது.”

ஒரு பூனைக்குட்டி அவர் காலில் ஏறியது. அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சாவி விடவில்லை. “நேத்து பிளாட்பாரத்துல புதுசா பலகைத் தடுப்பு வெச்சிருந்தாங்களே, அதுல முட்டிக்கிட்டு நின்னீங்க. தடவிப் பாத்துட்டு, ஆசாரி ஒழுங்கா இழைக்கலைன்னு திட்டினீங்க. நானும் நம்பிட்டேன். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரெண்டு அடில தண்டவாளம் மாமா. நாளைக்கு அதை எடுத்து வேற எடத்துல வெப்பாங்க. தினமும் ஒண்ணொண்ணா மாத்தப் போறாங்க. நீங்க மனசுல வெச்சிருக்கற ஸ்டேஷன் இனிமே இங்க இல்ல.”

“அவன்கிட்ட சொல்லிடாதம்மா.”

“ஏன்?”

“கண்ணு தெரியலன்னு ஒரு தடவை தெரிஞ்சுடுச்சுன்னா அப்புறம் நான் மனுஷன் இல்ல, மூட்டை. இங்க வை, அங்க வைன்னு எனக்கு மேலயே பேசிக்குவாங்க.”

“மூட்டையா இருந்தா சாமான் அறைல போட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேனே. நீங்க வாய் ஓயாத மூட்டையாச்சே. தெருக்கோடில கண் ஆஸ்பத்திரி இருக்கு. காட்டினா என்ன?”

“எங்க கேங்க்ல மூக்குப்பொடின்னு ஒருத்தன் இருந்தான். ஆபரேஷனுக்குப் போனான். இருந்த பார்வையும் போயி வந்தான்.”

“அது எப்போ?”

“நான் கேங்க்ல சேந்த புதுசு.”

“அப்ப ரயிலு கரில ஓடிச்சு. இப்பவும் கரிலயா ஓடுது?”

மணிக்காரர் வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான் என்று சாவி பெருமையாகச் சொன்னாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் அவள் புருஷனிடம் தானாகப் போய்ச் சொல்ல மாட்டாள். அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டாள். கேட்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு கண்லயும் புரை நல்லா முத்திப் போச்சு. இதோட இவ்வளவு நாள் எப்படிய்யா வெளிய நடமாடினீங்க?” என்றாளாம்.

“வெளிய எங்கம்மா நடமாடினேன்? ஸ்டேஷன்லதான் இருந்தேன்” என்றாராம் இவர்.

ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பையனுக்குச் சொல்லாமல் இனி முடியாது. அன்று சாயங்காலம் நான் கடையில் இருந்தேன். மாஸ்டர் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருக்க, சாவி பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். டீ கிளாஸ் நிறைந்து, வழிந்து, அவர் கையில் கொட்டியது. அவர் கையை உதறக்கூட இல்லை.

“என்னடி சொல்றே? தினமும் என் மூஞ்சியப் பாத்து, ஏண்டா இளைச்சுட்டேன்னு கேப்பாரே!”

“அது எல்லா அப்பாவும் கேக்கறதுதான். அதுக்குக் கண்ணு எதுக்கு?”

மாஸ்டர் அடுப்பைத் தணித்தார். அது அவர் செய்து நான் பார்த்ததே இல்லை. மேலிடத்து அதிகாரி வந்தாலும் அந்த அடுப்பு தணியாது. வெளியே வந்து அப்பாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் பயந்தேன்.

“அப்பா, நான் இளைச்சிருக்கேனா?”

பெரியவர் கையை நீட்டித் தேடினார். மகனுடைய தோள் கிடைத்தது. “தெரியலடா” என்றார். டீ கேட்டு வந்தவர்களைச் சாவி கையைக் காட்டி அந்தண்டை அனுப்பிவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டுப் பிரிக்கிற நாளும், கடையைக் காலி செய்கிற நாளும் ஒரே நாளாக வந்து தொலைந்தது. மாஸ்டர் பாய்லரையும் பெஞ்சையும் கை வண்டியில் ஏற்றித் தகரக் கொட்டகைக்குக் கொண்டு போக வேண்டும். சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இடுப்பு லேசாக இருந்தது, ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது என்றாள்.

அங்கே பெரியவரைக் கட்டுப் பிரிக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சொட்டு மருந்து வாங்கி வரச் சொல்லி அவளிடம் சீட்டைக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் ஏகக் கூட்டம். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைப் போல அங்கே வரிசையாக ஏழெட்டுப் பெண்கள், எல்லார் கையிலும் மருந்துப் பை. உட்கார்ந்துகொண்டே இருந்தாள். பெரியவர் வரவில்லை. போய்க் கேட்டால், “அவரு அப்பவே கண்ணாடி போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாரே” என்றாள் நர்ஸ். இவளுக்கு உயிரே போய்விட்டது. தெருவெல்லாம் தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

நான் அப்போது கூடத்தில்தான் இருந்தேன். டீ இல்லாத கூடம் எனக்குப் பிடிக்கவே இல்லை. தூண்களில் பாதிக்குச் சாக்குச் சுற்றியிருந்தார்கள். மேலே யாரோ இரும்பைத் தேய்க்கிற சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்தின் நடுவே, கூடத்துக்கு நட்ட நடுவில், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மணிக்காரர் நின்றிருந்தார். செருமவில்லை. அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்தார். குனிந்து கறுப்பு வெள்ளைக் கல்லைப் பார்த்தார். இஞ்சினியர் மூக்கைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். போய்ப் பேசலாமென்று எழுந்தேன். அதற்குள் சாவி மூச்சிரைக்க ஓடி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். மார்பில் கையை வைத்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை அவளுக்கு.

பெரியவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்றார்.

“எந்த வண்டிக்கு வந்தீங்கம்மா? ஓடாதீங்க, வண்டி எங்கயும் போயிடாது. மூச்ச விட்டு நிதானமா நில்லுங்க.”

சாவி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“பெரிய கட்டடம் இல்ல? எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்க. இது இந்த ஊருக்குக் கட்டினதே இல்ல, அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன். நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்னு வெச்சுக்கங்களேன்.” அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “இங்க ஒரு டீக்கடை இருந்துச்சு, என் பையன் கடை. மாத்திட்டாங்க போல. அந்தத் தகரக் கொட்டகை எந்தப் பக்கம்னு கேக்கணும். என் மருமக இருப்பா, நல்ல டீயா குடுக்கச் சொல்றேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி அவளுக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. கண்ணு தெரியாம நான் ஒரு தப்புப் பண்ணினேன், இந்தக் கூடமே சிரிச்சுது. அவ ஒருத்தி சிரிக்கல.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“ஆஸ்பத்திரில எனக்காகத்தான் உக்காந்திருந்தா. கட்டப் பிரிச்சு வெளிய வந்தேன். பெஞ்சு நிறையப் பொம்பளைங்க. எல்லாரும் என்னைப் பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு. இதுல எது என் மருமகன்னு எனக்குத் தெரியலம்மா.” பெரியவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்தார். “அவ வந்தப்பவே எனக்குப் பார்வை இல்ல. ஒரு வீட்ல இருந்துக்கிட்டு, தினமும் அவ கையால வாங்கித் தின்னுட்டு, நீதானா என் மருமகன்னு எப்படிக் கேக்கறது? வெக்கமா இருந்துச்சு. அதான் இங்க வந்துட்டேன். இங்கன்னா அவளே வந்து கூப்பிட்டுடுவா.”

சாவி இடுப்பைத் தடவினாள். கொத்து அங்கே இல்லை. மேலே இரும்பு தேய்க்கிறவன் அந்த நேரம் பார்த்து நிறுத்தினான். கூடம் அமைதியாயிற்று. அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில், கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள்.

“மணி என்ன ஆச்சு மாமா?”

பெரியவர் அப்படியே நின்றார். அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாக, வர்ணம் அடிக்கப் போகிறவர் போலப் பார்த்தார். பார்த்து முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகுதான் கழுத்தைத் தூக்கி வளைவுக்கு மேலே பார்த்தார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார். “அங்க ஓட்டைதான இருக்கு.”